நடுவில் உட்கார்ந்தவள்

முதல்முறை வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நன்றாகவே சொன்னீர்கள். கொஞ்சம் வேகமாகச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. இங்கே வந்ததால் யாரும் பைத்தியம் ஆகிவிடுவதில்லை. ஒரே நாளில் தீராது. அழுகை வந்தால் அழலாம், பேச்சு வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். இங்கே சொன்னது இந்த அறையைத் தாண்டாது. இதையெல்லாம் நானே ஒரு காலத்தில் நூறு பேருக்குக் குறையாமல் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு சைக்காலஜிஸ்ட் என்றால் புரியாது. "மருந்து குடுக்கற டாக்டர் இல்லீங்க, பேசற டாக்டருங்க" என்பேன். உடனே முகம் தெளிந்துவிடும்.

உங்களுக்குத் தமிழ் தெரியும். அதை விசாரித்துக்கொண்டுதான் வந்தேன். நடுவில் ஆள் இருக்கக்கூடாது.

என் பெயர் கண்ணாத்தாள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்தேன். நிலபுலன் உள்ள குடும்பம். பெண்பிள்ளை சேலம் வரைக்கும் பஸ்ஸேறிப் படிக்கப் போவதா என்று அப்பா மறுத்தபோது, அண்ணன் மருதாசலம் இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து சம்மதம் வாங்கினார். மூன்று வருஷம் தினமும் காலையில் சைக்கிளில் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். கல்யாணமாகி நாலாம் வருஷம் என் வீட்டுக்காரர் இறந்தபோது, மூலையில் உட்கார்ந்திருக்க விடாமல், யார் யாரையோ பார்த்துப் பேசி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். எனக்கென்று திறந்த கதவுகளெல்லாம் அவர் திறந்துவிட்டவை. இதை முதலில் சொல்லிவிடுவது நியாயம்.

வேலை, சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். புதன்கிழமைதோறும் மிஸஸ் லோபோ என்ற அம்மாள் அங்கே மனநோயாளிகளோடு பேசுவார். பம்பாய்க்காரர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவருக்கும் வருகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, இவர்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் அவர் சொல்வதைத் தமிழிலும் சொல்வது என் வேலை. முதல் நாளே எனக்கு ஒரு விதி சொன்னார். வருகிறவரோ, அவர் பேச்சில் வருகிற யாரோ உனக்கு வேண்டியவராக இருந்தால், மேஜையை ஒருமுறை தட்டு. நான் நிறுத்திவிடுகிறேன். வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். நீ காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல விதி. உங்களுக்கும் பயன்படும்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் பூவாத்தாள் வந்தாள். இருபத்திரண்டு வயது. புருஷன் தங்கமுத்து பள்ளிபாளையத்திலிருந்து கூட்டி வந்திருந்தார். பங்குனியில் அவள் வேலை செய்த தறிக்கொட்டகை தீப்பிடித்ததில் தங்கை செல்லாயி போய்விட்டாள். அன்றிலிருந்து இவள் பேசவில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கதவைச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுகிறாள். அதனால் மிஸஸ் லோபோ அவளுக்கு மட்டும் அறைக்கதவைத் திறந்தே வைத்தார்.

எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லமாட்டேன். அண்ணனுக்குப் பள்ளிபாளையத்தில் தறிக்கொட்டகை இருந்ததும், அது பங்குனியில் எரிந்ததும், உள்ளே ஒரு பெண் செத்ததும் தெரியும். வேலை செய்த பெண்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இருந்தாலும் பள்ளிபாளையத்தில் ஆயிரம் கொட்டகை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதல் புதன், இரண்டாவது புதன் ஒன்றுமில்லை. அவள் என்னைப் பார்ப்பாள், வாசலைப் பார்ப்பாள். "இங்க சொல்றது வெளிய போவாது சாமி, தைரியமாப் பேசு" என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மிஸஸ் லோபோ சொல்லச் சொன்னதைவிட அதிகமாகவே சொன்னேன். என் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது புதன்கிழமை, மிஸஸ் லோபோவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து வாய் திறந்தாள்.

"நானும் செல்லாயியும் உள்ள தறி ஓட்டிட்டு இருந்தோமுங்க அக்கா. தெருவுல சங்கத்துக்காரங்க கூலி ஒசத்தச் சொல்லி கோஷம் போட்டுட்டு வந்தாங்க. நாங்க எந்திரிச்சுப் போயிருவோமுன்னு மொதலாளி வெளிய தாப்பாப் போட்டுட்டாருங்க. அப்பறம் கழிவு நூலுல தீப் புடிச்சுக்கிச்சு. கதவத் தட்டுனோமுங்க. அவ வெறுங்கையில தட்டுனா. நான் நாடாக் கட்டையில தட்டுனனுங்க. தொறக்கலீங்க. நான் தறி மேல ஏறி ஓட்டப் பிரிச்சு மேல போயிட்டனுங்க. அவளுக்குக் கை எட்டலீங்க. மேல இருந்து பாத்தா, மொதலாளி கதவுகிட்ட நிக்கறாருங்க. கை தாப்பா மேல இருக்குதுங்க. எடுக்கலீங்க. என்னைய அண்ணாந்து பாத்தாருங்க. அப்பவும் எடுக்கலீங்க."

"மொதலாளி பேரென்ன?" என்று கேட்டேன். அது மிஸஸ் லோபோ கேட்கச் சொன்ன கேள்வி அல்ல.

"மருதாசலங்க."

மிஸஸ் லோபோ பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் கை மேஜைமேல்தான் இருந்தது. ஒருமுறை தட்டியிருந்தால் போதும். தட்டவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன்: "வெளியே ஆட்கள் கூச்சல் போட்டதால் பயந்து, தானே கதவைத் தாழிட்டதாகச் சொல்கிறாள். தீப்பிடித்தபோது தங்கையை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பித்துவிட்டாளாம்." இரண்டாவது வாக்கியத்தில் பொய் இல்லை.

இவ்வளவு நேரம் பேசியது இவ்வளவுதானா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒன்றையே நாலு தடவை சொல்வார்கள் என்றேன். மொதலாளி, மொதலாளி என்று ஒரு சொல் வந்ததே, அது என்ன என்றார். கடவுளை அப்படிச் சொல்வார்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்றேன்.

"பேசுதா?"

"பேசுது."

சோற்றை இலையோரம் ஒதுக்கினார். பிறகு சொன்னார்: "தொறக்கத்தான் போனேன் கண்ணு. சங்கத்துக்காரனுக தெரு முக்குல நிக்கறானுக. வெளிய தாப்பாப் போட்டிருந்தத அவனுக பாத்துட்டா என்னாகுமுன்னு யோசிச்சுட்டேன். ரெண்டு நிமிசந்தான். அதுக்குள்ள ஓட்டு மோடு எரிஞ்சு உள்ள விழுந்துருச்சு."

கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நடுவுல உக்கார்றது நீதான?"

"நாந்தான்."

வேறெதுவும் அவர் கேட்கவில்லை. இன்னது செய் என்றும் சொல்லவில்லை. அவருடைய மூத்த பெண்ணுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. ஸ்டாப்வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

நாலாவது புதன்கிழமையிலிருந்து அந்த அறையில் மூன்று பேருக்குப் பதிலாக நாலு பேர் இருந்தார்கள் என்று சொல்லலாம். மிஸஸ் லோபோவின் குறிப்பேட்டில் ஒரு பூவாத்தாள் இருந்தாள். தானே தாழ்ப்பாளைப் போட்டவள், அதை மறக்க முடியாதவள். அவளுக்குத்தான் மிஸஸ் லோபோ ஆறுதல் சொன்னார். நீ பயந்த பெண், வேண்டுமென்று செய்யவில்லை, உன்னை நீயே மன்னிக்கலாம் என்றார். எதிரே உட்கார்ந்திருந்த பூவாத்தாளிடம் நான் சொன்னது வேறு. "பயத்துல கண்ணு இல்லாததக் காட்டுமாம் சாமி. நீ மேல இருந்து பாத்தது நெசமில்லைன்னு சொல்றாங்க. பொகையில எப்படி ஆளு தெரியும்? நல்லா நெனச்சுப் பாரு, தாப்பாப் போட்டது யாருன்னு."

"மொதலாளிங்க."

"மறுபடியும் நெனச்சுப் பாரு."

குரலை உயர்த்தியதில்லை. ஒருநாளும் அதட்டியதில்லை. தலையைத் தடவிக்கொடுப்பேன். என்னை அவள் நம்பினாள். படித்த டாக்டரம்மா பொய் சொல்வாரா என்றும் நினைத்திருப்பாள். ஐந்தாவது வாரம், புகை அதிகமாகத்தான் இருந்தது என்றாள். ஆறாவது வாரம், கதவருகே நின்றது யாரென்று தெரியவில்லை என்றாள். ஏழாவது புதன்கிழமை உள்ளே வந்து உட்கார்ந்ததும் தானாகவே சொன்னாள்.

"நாந்தான் தாப்பாப் போட்டனாட்ட இருக்குதுங்க அக்கா. செல்லாயிய நாந்தான் கொன்னு போட்டனுங்க."

அன்று ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

அவள் அழவில்லை. வந்ததிலிருந்து முதல்முறையாகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். திறந்திருந்த கதவைத் தானே போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மிஸஸ் லோபோவின் முகம்தான் மாறியது. அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெளியே இருந்த தங்கமுத்துவைக் கூப்பிடச் சொன்னார். அவரிடம் சொல்லச் சொல்லிச் சில விஷயங்களைச் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் துணி துவைக்கிறேன் என்று காவிரிக்குப் போனவள் திரும்பவில்லை. துவைத்த துணிகளைப் பிழிந்து கல்மேல் வைத்திருந்தாளாம். மறுநாள் கீழே ஒரு துறையில் எடுத்தார்கள். தாய் குப்பாயி பாடை அருகே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். முந்தின நாள் இவள் தாயிடம் போய், தாழ்ப்பாள் போட்டது நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

மிஸஸ் லோபோ குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக என்னிடம் கேட்டார். இங்கே நான் சொன்னது தவறா, இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று. உங்களால் முடிந்ததையெல்லாம் செய்தீர்கள் என்று நானும் ஒவ்வொரு பக்கத்துக்கும் சொன்னேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போனார். அதன்பிறகு அவர் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை என்று ஒரு கிறிஸ்துமஸ் கார்டில் எழுதியிருந்தார். நல்ல பெண்மணி.

அண்ணன் மகள் கல்யாணம் தையில் நடந்தது. கொட்டகையையும் புதிதாகக் கட்டினார். அதற்கு இரண்டு வாசல் வைத்தார்.

நான் வந்த காரணத்தைக் கேட்டீர்கள். சத்தம். நான் இப்போது அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்கிற நேரத்தில் கேட்கும். வெறுங்கை ஒன்று, கட்டை ஒன்று, மாறி மாறி ஒரு கதவில். வெறுங்கை தட்டுவது மெதுவாக, கட்டை தட்டுவது அழுத்தமாக. கொஞ்ச நேரத்தில் கட்டைச் சத்தம் நின்றுவிடும். வெறுங்கை மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். நான் அந்தக் கொட்டகைக்குள் போனதே இல்லை. அன்று நான் சேலத்தில் இருந்தேன். அது என் காதில் விழுந்த சத்தம் அல்ல, பூவாத்தாள் சொன்ன இரண்டு வாக்கியம். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மிஸஸ் லோபோவிடம் போயிருக்கும். சொல்லாததால் என்னிடமே தங்கிவிட்டது. எழுந்துபோய் என் அறைக்கதவைத் திறந்து பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். திறந்த கதவிலும் தட்டுகிற சத்தம் கேட்கும். இதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். மற்றபடி எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஏழாவது புதன்கிழமைக்கு வருகிறேன்.

மிஸஸ் லோபோ அன்று மிக நிதானமாகத்தான் பேசினார். "இவளை ஒரு மணி நேரம்கூடத் தனியாக விடக்கூடாது. இன்றைக்கே இங்கே படுக்கை போட்டுவிடலாம். நானே கூட இருக்கிறேன். வீட்டுக்குப் போனால் இவள் உயிருக்கு ஆபத்து. இதை அவருக்கு நன்றாகப் புரியவை" என்றார். தங்கமுத்து என் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இருந்தால் அவளோடு ராத்திரியும் பகலும் யார் யாரோ பேசுவார்கள். தமிழ் தெரிந்த நர்சுகள் பேசுவார்கள்.

"நல்லாயிருச்சுன்னு சொல்றாங்க. இனி வர வேண்டியதில்லீங்க" என்றேன்.

அவர் மிஸஸ் லோபோவைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன சொல்கிறார் என்று மிஸஸ் லோபோ கேட்டார். ஊருக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கொண்டு சாயங்காலமே கூட்டி வருகிறார் என்றேன். சாயங்காலம் போய் இருட்டும்வரை அந்த அம்மாள் காத்திருந்தார். அவர்கள் வரவில்லை, நாம் சொல்லியும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன்.

அவர்கள் புறப்பட்டபோது ஆஸ்பத்திரி கேட்வரை போனேன். பூவாத்தாள் சற்றுத் தள்ளி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கமுத்து என் பக்கத்தில் வந்து, அவள் காதில் விழாதபடி கேட்டார்.

"ஏனுங்கம்மா, இனி இவளத் தனியா உடலாமுங்களா?"

அவளை நன்றாகப் பார்த்தேன். மிஸஸ் லோபோ அவள் முகத்தில் பார்த்ததை நானும் பார்த்தேன்.

"உடலாமுங்க" என்றேன்.

அது மிஸஸ் லோபோவைக் கேட்ட கேள்வி அல்ல, என்னைக் கேட்டது. அதனால் அதில் மொழிபெயர்ப்புப் பிழை ஒன்றும் கிடையாது.