காது கிள்ளிய பிளேட்

பேனா எழுதவில்லையென்றால் மெதுவாக உதறுங்கள், சார். வேகமாக உதறினால் மை சட்டையில்தான் விழும். ஆயுசு முழுக்க ஆபீஸ் பேனாவோடு மல்லுக்கட்டியவன் என்பதால் சொல்கிறேன். அப்புறம், தந்தை பெயர் என்று இருக்கிற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டீர்கள். பரவாயில்லை, அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம் போடுங்கள். அது இல்லாவிட்டால் இந்த வாக்குமூலமே செல்லாது என்று நாளைக்கு எந்த வக்கீலாவது கிளம்புவார். நான் சொல்வது செல்ல வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

வாகனப் பதிவு அலுவலகத்தில் மாற்று நம்பர் பிளேட் கவுன்டர் என்னுடையது. பிளேட்டைத் தொலைத்தவர்கள், வளைத்தவர்கள், சுவரில் மோதி உடைத்துவிட்டு மாடு முட்டியது என்று சாதிப்பவர்கள், எல்லோரும் என் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். கொண்டுவந்ததையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் நான், “இன்னொண்ணு வேணுமே” என்பேன். அதனால் ‘இன்னொண்ணு சார்’ என்று பட்டப்பெயர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று என் காதுபடவே பேசுவார்கள். சிரித்துக்கொள்வேன். ஆனால் இல்லாத விதியை நான் யாரிடமும் சொன்னதில்லை, சார். இருக்கிற விதிகளை ஒரே நாளில் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி போய்ச் சேர்ந்தபோது மகள் சின்னப் பெண். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆபீசுக்கு வந்துவிடுவாள். கவுன்டருக்கு அடியில் என் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எங்கள் ஆபீசில் திரும்பி வருகிற பழைய பிளேட்டை அப்படியே வைக்க மாட்டோம். யாராவது எடுத்து வேறு வண்டியில் மாட்டிவிட்டால் என்ன ஆவது? அதற்காக ஒரு கைவெட்டு இயந்திரம் உண்டு. பிளேட்டின் மேல்மூலையை அதில் வைத்து அழுத்தினால் ஒரு சின்ன முக்கோணம் கழன்று விழும். அந்த பிளேட் செத்தது என்று அர்த்தம். இதற்குக் காது கிள்ளுவது என்று பெயர் வைத்திருந்தோம். மகளுக்கு அது பெரிய விளையாட்டு. “இதோட காதை நான் கிள்றேம்ப்பா” என்று இரண்டு கையாலும் பிடியை அழுத்துவாள். விழுகிற முக்கோணங்களைப் பென்சில் டப்பாவில் சேர்த்து வைப்பாள். ஆபீசுக்குப் புது இயந்திரம் வந்ததும் பழையதைக் கழித்துக்கட்டினார்கள். ஓய்வு பெற்றபோது அதை நான் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாப்பிள்ளையைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சம்மதித்தவர், மாடி அறையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் என்னைக் கேட்டுச் செய்பவர். குளிக்கப் போனால் ராகம் போட்டுப் பாடுவார். பாட்டுக்குத்தான் அது பிடிக்காது. வெள்ளை நிறத்தில் கடனில் வாங்கிய கார் ஒன்று வைத்திருந்தார். அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் காருக்கே கூச்சம் வரும்.

அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே இயந்திரம் விற்கிற கம்பெனி. ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், சொந்தக் காரோடு வந்தால்தான் வேலை. மகள் அன்றைக்கே பெட்டியைத் தூசி தட்டினாள். “நீங்களும் வந்துடுங்கப்பா” என்றாள். சொன்ன வேகத்திலேயே நான் வரமாட்டேன் என்று முடிவும் செய்துகொண்டுவிட்டாள் என்று எனக்குப் பட்டது. அந்த வீட்டில் அவள் இல்லாமல் ஒரு சாயங்காலம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்கவே பயமாக இருந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், அவளுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் ஒருமுறை கூட்டிப்போனேன். அடுத்த ஸ்டேஷனுக்குள் வாந்தி எடுத்து வாடிவிட்டாள். அங்கேயே இறங்கித் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரயில் என்ற பேச்சே கிடையாது. ஆகவே அவள் போவதென்றால் அந்தக் காரில்தான் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கண்ணயர்ந்திருந்தார்கள். நான் திருப்புளியோடு போய்ப் பின்பக்க பிளேட்டைக் கழற்றினேன். திருடினேன் என்று எழுதாதீர்கள், சார். பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். சரி, உங்கள் இஷ்டம், எழுதுங்கள்.

“மாமா, வண்டியில பின்னாடி பிளேட்டைக் காணோம் மாமா” என்று மாப்பிள்ளை ஓடி வந்தார்.

“பதறாதீங்க மாப்பிள்ளை. நான் எதுக்கு இருக்கேன்?”

மாற்று பிளேட் வேண்டுமென்றால் முதலில் காணவில்லை என்று போலீஸில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்க வேண்டும். வாங்கி வந்தார். பதிவுச் சான்றின் அசல் வேண்டும் என்றேன். அது கடன் கொடுத்த கம்பெனியில் இருந்தது. அங்கே போனால், ஆட்சேபணை இல்லை என்று கடிதம் தருகிறோம், அடையாள அட்டை கொண்டு வாருங்கள் என்றார்கள். அட்டையில் அவருக்கு மீசை இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் மகள் சொல்லி எடுத்துவிட்டார். மீசையில்லாதவரும் மீசைக்காரரும் ஒரே ஆள்தான் என்று ஒரு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அந்த அதிகாரி லீவில் இருந்தார். “மறுபடியும் வளர்த்துடட்டுமா மாமா?” என்று மாப்பிள்ளை கேட்டார். பாவம், நிஜமாகவே கேட்டார்.

எல்லாம் சேர்ந்த பிறகு, “இன்னொண்ணு இருக்கே” என்றேன். வண்டியை ஆபீசுக்குக் கொண்டுபோய் என்ஜின் நம்பரைக் காட்ட வேண்டும். ஆனால் பிளேட் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. மாப்பிள்ளை ஒரு இழுவை வண்டிக்கு அலைந்தார். எல்லாமே அச்சிட்ட விதிகள், சார். ஒரு எழுத்துகூட என் சொந்தச் சரக்கு இல்லை.

பிளேட் வந்தது. மாட்டினார்கள். மறுபடியும் ஒரு மதியம் அதையும் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை தொலைத்தவருக்கு விதிகள் வேறு. பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், எப்படித் தொலைந்தது என்று சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். எப்படித் தொலைந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நல்ல வாசகம். “தங்கள் உண்மையுள்ள” என்று முடித்தேன். வேலை கொடுத்த கம்பெனிக்காரர்கள் சேருகிற தேதியைத் தள்ளி வைத்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். மகள் தினமும் ராத்திரி எனக்குச் சாப்பாடு போட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். “என்னப்பா, நம்ம வண்டியைப் புடிச்ச சனி விடவே மாட்டேங்குது” என்பாள். அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் எதற்கும் ஒரு எல்லை உண்டு. மூன்றாவது பிளேட் வந்தபோது கம்பெனி, இந்தத் திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றுவிட்டது. பெட்டிகளையெல்லாம் காரில் ஏற்றி வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை நான் டீ குடிக்கப் போனேன். புறவழிச்சாலையில் விடியற்காலையில் சைக்கிளில் போன தையல்காரரை ஒரு வெள்ளைக் கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். அவர் அங்கேயே இறந்துவிட்டாராம். யார் கார் என்று தெரியவில்லை என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அவரைத் தெரியும். என் கால்சட்டைகளெல்லாம் அவர் தைத்ததுதான். எப்போதும் ஒரு விரல் நீளமாகவே தைப்பார், “வளருவீங்க சார்” என்று கேலி செய்வார். நல்ல மனிதர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். மகள் கடைக்குப் போயிருந்தாள். முன்பக்க பிளேட்டைக் கழற்றினேன். முன்விளக்கின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது. தோட்டத்துக் கல் ஒன்றால் அதையும் செய்தேன். பிளேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு புறவழிச்சாலைக்கு நடந்தேன். உங்கள் ஆட்கள் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். நான் சற்றுத் தள்ளி, பாலத்தை ஒட்டிய புதருக்குள் பையைக் கவிழ்த்தேன். அங்கே தேடுவதற்கு அவர்களுக்கு மத்தியானம்வரை ஆயிற்று. வெயில், பாவம்.

வீட்டில் மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இந்தத் தடவை லேட் பண்ணாதீங்க, உடனே போய் எழுதிக் குடுத்துடுங்க” என்று நான்தான் அனுப்பினேன். ஆள் இறந்துகிடக்கிற அன்றைக்கே, பிளேட் தொலைந்துவிட்டது என்று ஒருவர் தானாக வந்து நின்றால் போலீஸ் என்ன நினைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதிலும் ஏற்கெனவே இரண்டு தரம் தொலைத்தவர். அவரை இங்கேயே உட்கார வைத்துவிட்டீர்கள். விடியற்காலையில் அவர் வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார் என்று மகள் சொன்னாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்றீர்கள். என்னையும் கேட்டீர்கள். நான் தூங்கிவிட்டேன், எனக்குத் தெரியாது என்றேன். அதுவும் உண்மைதான்.

தையல்காரர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தேன். “ஆள் அகப்பட்டுட்டான்மா, கவலைப்படாதீங்க” என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாக இடித்தவன் எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறான், அதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. நீங்கள்தான் தேடுவதை நிறுத்திவிட்டீர்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கவில்லை, சார், முறைப்படி நடந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

புதரில் எடுத்த பிளேட்டை அடையாளம் காட்ட என் மகளைக் கூப்பிட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மோதினதில் மூலை உடைந்திருக்கிறது என்று அவளிடம் விளக்கம் வேறு சொன்னீர்களாம். அவள் நேராக வீட்டுக்கு வந்தாள். அலமாரிக்கு மேலிருந்து பழைய வெட்டு இயந்திரத்தை இறக்கினாள். அதன் பின்னால் மற்ற இரண்டு பிளேட்டுகளும் இருந்தன. அவற்றைப் பார்த்தாள். பிறகு பிஸ்கட் டப்பாவின் மூடியை இயந்திரத்தில் வைத்து, சின்ன வயதில் செய்வதுபோல இரண்டு கையாலும் அழுத்தினாள். கழன்று விழுந்த முக்கோணத்தை என் முன்னால் வைத்தாள்.

“காதைக் கிள்ளிட்டுத்தானேப்பா போட்டிருக்கீங்க?”

“கிள்ளாத பிளேட்டை எப்படிம்மா வெளிய விடறது? யாராவது எடுத்துத் தப்புக்காரியத்துக்கு வச்சுக்கிட்டா?” என்றேன்.

நான் சொன்னது முற்றிலும் நியாயமான பேச்சு. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. “அவர் ஜெயிலுக்குப் போயிருந்தாக்கூட நீங்க வாயைத் திறந்திருக்க மாட்டீங்க, இல்லப்பா?” என்றாள். “நீ வீட்டுலதானேம்மா இருந்திருப்பே” என்றேன். அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். பிளேட்டுகளையும் இயந்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டு இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்தாள். நீங்கள் அதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, தேதி, இடம், ஒப்பம் எல்லாம் கச்சிதம். என் கவுன்டருக்கு அடியில் உட்கார்ந்து படித்த பெண் அல்லவா?

ஆகவே எல்லாம் நான் செய்ததுதான். மாப்பிள்ளைக்கு இதில் சம்பந்தமில்லை, அவரை விடுங்கள். ஓ, காலையிலேயே விட்டுவிட்டீர்களா? நல்லது. ஆனால் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. கார் உங்கள் கொட்டகையில் சாட்சியாக நிற்கிறது. பிளேட்டும் சாட்சி. சாட்சியாக இருக்கிற பிளேட்டுக்கு மாற்று வேண்டுமென்றால் கோர்ட்டு உத்தரவு வேண்டும், அதன் நகலுக்கு மனுப் போட வேண்டும், மனுவோடு இன்னொன்றும் வேண்டும். அதை அப்புறம் சொல்கிறேன். அதுவரை மகள் வீட்டில்தான் இருப்பாள்.

என்ன சொல்கிறீர்கள்? ரயிலிலா? இரண்டு பேருமா?

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிட்டாள் என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னாரா? அவர் வேறு யாரையோ பார்த்திருப்பார். அவளுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது, சார், நான் முதலிலேயே சொன்னேனே. அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கியிருப்பாள், இந்நேரம் திரும்பி வந்துகொண்டிருப்பாள். எங்கே ஒப்பம் போட வேண்டும், சீக்கிரம் காட்டுங்கள். வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.