கை வைத்தால் அடங்கும்

உங்கள் அறை ட்யூப்லைட்டில் சோக் இரைகிறது, டாக்டர். யாராவது ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிவிட்டால் சரியாகிவிடும். உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்குக் காதுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. தொழில் அப்படி. ஆம்ப், ஸ்பீக்கர், எலெக்ட்ரிக் கிடார் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார்தான்: "சும்மா வச்சிருந்தாலும் ம்ம்முனு இரையுது."

அத்தானும் அப்படித்தான் வந்தார். அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர், நீங்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் கைக்கு எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று வீட்டார் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்கிறீர்களாம். எனக்குத் தெரியும். எந்த நிமிடம் என்பது வரைக்கும் தெரியும். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?

அத்தான் கிடார் மாஸ்டர். வாசிப்பு சுமார், பேச்சு பிரமாதம். பாட்டு முடிந்துவிடும், அதைப் பற்றிய விளக்கம் முடியாது. அன்று அவருடைய கிடாரைத் திறந்து பார்த்தேன். தந்திகள் வந்து உட்காருகிற இரும்புத் தகட்டிலிருந்து உள்ளே எர்த்துக்குப் போகும் கம்பி ஒன்று உண்டு. சுண்டுவிரல் நீளம்தான். அது விட்டுப்போயிருந்தது. புதுக் கம்பி போட்டு ஒரு பொட்டு ஈயம் வைத்தேன், முடிந்தது வேலை.

"இப்பவும் லேசா இரையுதேப்பா?" என்றார்.

"தந்தியத் தொடுங்க அத்தான்."

தொட்டார். நின்றுவிட்டது.

"மனுஷ உடம்பு ஒரு ஏரியல் மாதிரி. சுவத்துக்குள்ள ஓடுற கரண்ட்டோட இரைச்சல் எல்லாம் அதுல ஏறும். தந்தியத் தொட்டா இந்தக் கம்பி உங்களையும் சேத்து எர்த் பண்ணிடும். கைய எடுத்தா இரையும், வச்சா அடங்கும்."

"என் கை வச்சா அடங்குதா?"

"யார் கை வச்சாலும்."

அந்தக் கடைசி மூன்று வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. கடைப் பூனையைத் தூக்கி அதன் காலைத் தந்தியில் வைத்துக்கூடக் காட்டினேன். அப்போதும் அடங்கியது. அத்தான் பூனையைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்பில் கிடாரை ஸ்டாண்டில் நிறுத்தி இரைய விட்டாராம். தூங்குகிற குழந்தையிடம் போவது போலப் பூனை நடை நடந்து போய்த் தந்திமேல் கை வைத்தாராம். அமைதி.

"கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கலையே மாஸ்டர்."

"அதான்."

மாணவர்களில் ஒருவர் வங்கி மேலாளர். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

அதன்பிறகு கிடார் கற்றுக்கொள்ள வந்தவர்கள் குறைந்து, தொட்டுக்கொள்ள வந்தவர்கள் கூடினார்கள். தூக்கம் வராதவர்கள், பங்காளிமேல் வழக்குப் போட்டவர்கள், மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்கள். அத்தான் தலையில் கை வைப்பார், அவர்கள் அமைதியாகிவிடுவார்கள். தலைமேல் ஒருவர் கையை வைத்துக்கொண்டு நின்றால் யார்தான் பேசுவார்கள், சொல்லுங்கள். 'மௌன நிலையம்' என்று போர்டு மாட்டினார்கள். போஸ்டரில் ஒரு கை மட்டும். அத்தான் கை புசுபுசுவென்று இருந்ததால் அது படத்துக்கு எடுபடவில்லை, என் கையைத்தான் எடுத்தார்கள். சால்டரிங் சூடு பட்ட தழும்பை மட்டும் அழித்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஊர் முழுக்கச் சுவரில் ஒட்டியிருந்ததைப் போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான். எல்லாச் சுவரையும் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்படி ஒரு அழுகை. அக்கா தூக்கினாலும் நிற்காது, அவள் மாமியார் தூக்கினாலும் நிற்காது. அத்தான் அதன் முதுகில் கை வைத்தால் மட்டும் விக்கி விக்கி அடங்கிவிடும். அதற்குக் கம்பி, ஈயம் எதுவும் காரணம் இல்லை. அது எனக்கும் புரியவில்லை.

நிலையத்தின் புது மண்டபத் திறப்பு விழா வந்தது. மைக்கில் அத்தான் என்னையும் மறக்காமல் சொன்னார். "அதோ ஆம்ப் பின்னாடி நிக்கிறது நம்ம மச்சான். ஒயர் வேலை எல்லாம் அவர்தான். அவருக்கு ஒயர் தெரியும், நமக்கு மௌனம் தெரியும்." கூட்டம் அன்பாகக் கை தட்டியது. நானும் தட்டினேன். அதற்கு முன்பே, கிடாரைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தபோது, அந்த எர்த் கம்பியின் இரண்டு முனையிலும் சூடு காட்டி அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். வெறும் பரிசோதனை. விஞ்ஞானத்தில் அப்படி உண்டு. ஒன்றை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள்.

அந்தக் கம்பி இல்லாமல் தந்தியைத் தொட்டால், டாக்டர், உடம்பில் ஏறின இரைச்சலுக்கு இறங்க வழி இல்லை. அப்படியே ஆம்புக்குள் போகும்.

அத்தான் கண்ணை மூடிக் கை வைத்தார். மண்டபம் அதிர்கிற மாதிரி ஓர் உறுமல். எடுத்தார், தணிந்தது. இன்னும் பக்தியாக வைத்தார். இன்னும் பக்தியாக உறுமியது. முன்வரிசையில் இருந்த வங்கி மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மாஸ்டர், கைய எடுத்தாதான் நல்லா இருக்கு."

எங்கோ ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான், மண்டபமே சிரித்தது. நான் ஆம்புக்குப் பின்னால் கேபிளைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விலா நொந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. அப்போது ஓர் அம்மாள் எழுந்து, "காலையில என் தலையிலயும் வச்சாரே, எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டார். அத்தான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் கேட்ட நிமிடம் அதுதான்.

மீதி உங்களுக்கே தெரியும். கையை அக்குளில் இடுக்கிக்கொண்டவர் இன்னும் எடுக்கவில்லை. ஸ்விட்ச் போடமாட்டார், கதவு திறக்கமாட்டார், அக்காதான் ஸ்பூனில் ஊட்டுகிறாள். குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் கதறுகிறது. அவர் சுவரோடு ஒட்டி நின்று, "வேண்டாம்மா, நான் தொட்டா இன்னும் அதிகமாயிடும்" என்கிறார்.

அக்கா கடைக்கே வந்தாள். "டேய், அந்தக் கிடார்ல ஏதாச்சும் கோளாறானு பாருடா. கோளாறுதான்னு தெரிஞ்சா போதும், மனுஷன் தெளிஞ்சிடுவாரு. உன் பேச்சைத்தான் நம்புவாரு."

கிடாரை வாங்கித் திறந்தேன், மூடினேன். "கிடார் சுத்தமா இருக்குக்கா" என்றேன்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் சொல்லி அவருக்குப் புரிந்தால் அது இரவல் புத்தி. தானாகப் புரியவேண்டும் என்று விட்டிருக்கிறேன். கம்பி இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. திரும்ப வைக்க டீ ஆறுகிற நேரம் போதும். செய்துவிடலாம்தான். இப்போதைக்கு வேண்டாம் என்று பார்க்கிறேன். காரணம் குழந்தை.

அக்கா இப்போதெல்லாம் அதை என்னிடம் விட்டுவிட்டுத்தான் இங்கே உங்களைப் பார்க்க வருகிறாள். முதல் நாள் வீறிட்டு அழுதது. முதுகில் கை வைத்தேன். அழுது ஓய்ந்து, பிறகு நின்றுவிட்டது. "அழுது களைச்சா எந்தக் குழந்தையும் தூங்கும்டா, யார் கை வச்சாலும்" என்கிறாள் அக்கா. அவளுக்குத் தெரியாது. நான் கூர்ந்து கவனித்துவிட்டேன், டாக்டர். யார் கை வைத்தாலும் இல்லை. என் கை. போஸ்டரில் இருந்ததும் இதுதானே.

உங்கள் நெற்றி ஏன் இப்படிச் சுருங்குகிறது? அந்தச் சோக் இரைச்சலாகத்தான் இருக்கும். தலையைக் கொஞ்சம் இப்படிக் குனியுங்கள்.