அப்பா எதைத் தேடினவர்?

“அப்பா எதைத் தேடினவர் எண்டு அச்சகத்தில கேக்கிறாங்கள், அக்கா.”

புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் சொன்னார். பம்பலப்பிட்டியில் இறங்க எழும்பியிருந்த நான், ஒட்டுக்கேட்கும் என் பழைய வியாதி தலைதூக்க, திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். அவர் மடியில் தகப்பனின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கான கையெழுத்துப் பிரதி. இன்றைக்கே அச்சுக்குப் போக வேண்டுமாம்.

“நீ என்ன எழுதினனீ?”

“அன்பான குடும்பத்தலைவர், இரும்புக்கடை முதலாளி, தேடல் உள்ளவர்.”

“அவர் தேடினது மூக்குக்கண்ணாடியை எண்டுதான் சனம் நினைக்கும்.”

“பகிடி விடாதேங்கோ. கடையைப் பூட்டிப்போட்டு எத்தினை சாமியாரிட்டைப் போனவர். அதை விட்டால் அது அப்பாவே இல்லை.”

“அம்மா வாசிச்சால் என்ன நினைப்பா? வீட்டில இல்லாத எதையோ தேடி அலைஞ்சவர் எண்டெல்லோ படும்.”

அக்காவே அம்மாவுக்குப் போன் எடுத்து, விசயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார். என் காதுக்கு அது பெரிய உபகாரம்.

“தேடினவர்தானே, போடுங்கோ,” என்றது அம்மாவின் குரல். “ஆனா ஒரு ஆச்சிரமத்திலயும் ராத் தங்கேல்லை. ‘உம்மட தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் எனக்குத் தியானம் வருகுதில்லை’ எண்டு பின்னேர பஸ்ஸில வந்திடுவார். அதையும் சேர்த்துப் போடுங்கோ.”

“சொதி எண்டு குடுத்தால் அச்சகத்தில சோதி எண்டு அடிச்சுப்போடுவாங்கள், அம்மா.”

“அடிச்சால் அடிக்கட்டும், தம்பி. அவருக்கு ரெண்டும் ஒண்டுதான்.”