மொதச் சொம்பு

சென்னியப்பன்: …அட, கல்லு வழுக்குதுங்க! இந்த ஐயாறு ஆளையே கவுத்துரும் போல.

பாவாயி: மெதுவா எறங்குங்க. ஆடிப் பதினெட்டுக்கு வர்றவங்க பாதிப்பேரு இந்தக் கல்லுல தான் மொதக் கும்புடு போடறாங்க.

சென்னியப்பன்: நீங்க இந்தப் பக்கமுங்களா?

பாவாயி: இதே மலையில தேவனூர் நாடுங்க. வருசா வருசம் உங்ககூட ஒரு வயசான அம்மா வருவாங்களே… எங்கீங்க?

சென்னியப்பன்: வரலீங்க.

பாவாயி: வரலீன்னா? முழுசாச் சொல்லுங்க. வந்ததுல இருந்து உங்க தலை மொட்டையான்னு தான் பாத்துக்கிட்டிருக்கறேன்.

சென்னியப்பன்: முடி இருக்குதுங்களே, நல்லாப் பாருங்க! அம்மா களத்துல வழுக்கி உளுந்துருச்சு. இடுப்பு புடிச்சுக்கிச்சு. கட்டில்ல படுத்துக்கிட்டே ஊரை அதட்டுது.

பாவாயி: அப்பாடா… அறப்பளீசா, என் சாமி!

சென்னியப்பன்: அழுவறீங்களா?

பாவாயி: இல்லீங்க, தண்ணி தெறிச்சுது… போன வருசங்கூட அவங்க முழுகறதுக்கு முந்தி மொதச் சொம்பு நாந்தானுங்க ஊத்துனேன்.

சென்னியப்பன்: அது ஊட்டுப் பொண்ணு ஊத்தோணுமுங்க. அது தான் எங்க வழக்கம்.

பாவாயி: உங்க ஊட்டுல பொண்ணு இல்லீங்களா?

சென்னியப்பன்: ஒண்ணு இருந்துச்சு. மலைக்காரரைக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. ‘அவகூடப் பேசுனா எம்மூஞ்சியில முழிக்காதீங்க’ன்னு பெத்த அய்யன் சொல்லிட்டாரு.

பாவாயி: அதனால நீங்க பேசறதில்ல.

சென்னியப்பன்: பேசறதே இல்லீங்க! இப்பக்கூட யாரோ ஒரு மலைக்காரம்மாகிட்டத் தானே பேசிக்கிட்டிருக்கறேன்.

பாவாயி: ஆமாமா, யாரோ தான்.

சென்னியப்பன்: இந்தாங்க, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். ஆத்து மீனுக்குப் போடச் சொல்லி ஊட்டுல குடுத்தனுப்புனாங்க. வருசா வருசம் மீனுக்குன்னு சொல்லித் தான அம்மா கொண்டாரும்.

பாவாயி: இந்த மீனு எள்ளுப் போட்டாத் தான் திங்கும்.

சென்னியப்பன்: தின்னு… போட்டுப் பாருங்க!

பாவாயி: ம்… எள்ளு போட்டிருக்குது. ஆனா அடி கருகிப் போச்சே. உள்ள மாவு வேகல. இது அம்மா கை இல்லியே!

சென்னியப்பன்: அம்மா தான் படுத்திருக்குதே. வேற ஆளு சுட்டாருங்க. அடுப்பு எந்தப் பக்கம் எரியும்னே தெரியாத மனுசன். கையெல்லாம் கொப்புளம்.

பாவாயி: யாருங்க?

சென்னியப்பன்: ‘மீனுக்கு எள்ளு புடிக்கும்’னு அம்மா சொல்லல. அவரே எடுத்துப் போட்டாரு. எந்த மீனுன்னு அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்குது. நாங்க தான் இத்தனை வருசம் ஏமாத்தறதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கறோம்.

பாவாயி: அந்தப் பாறை மேல… முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தரு வந்ததுல இருந்து உக்காந்திருக்கறாரு. எல்லாரும் முழுகிட்டுக் கோயலுக்குப் போயிட்டாங்க. அவரு துணி மட்டும் இன்னும் நனையல.

சென்னியப்பன்: நீங்களும் பாத்துட்டீங்களா?

பாவாயி: வர்றப்பவே பாத்துட்டேன். அந்த முதுகு எனக்குத் தெரியாதா? பயத்துல தான் வாயைத் தொறக்கல. ஏன் இன்னும் முழுகாம இருக்கறாரு?

சென்னியப்பன்: நானும் கேட்டேனுங்க. ‘மொதச் சொம்பு ஊத்த ஆளு வரட்டும்’னாரு.

பாவாயி: …அண்ணா, அந்தச் சொம்பை இப்பிடிக் குடு.