ஒரு பாறை கூடுதல்

— ஏட்டம்மா, இன்னையோட குற்றாலத்துல மனுச உசிருக்கு ஆபத்துங்கிற பேச்சே முடிஞ்சுது! அருவிக்கு நேரா எங்க கேமரா கண்ணத் தொறந்தாச்சு.

— இருக்கட்டும் பிரின்ஸ் தம்பி. மொதல்ல அந்தக் கண்ணத் தொடைங்க. சாரல் அடிச்சு, கம்ப்யூட்டர்ல பூராம் மூட்டமாத் தெரியுது.

— தொடச்சாச்சு. இந்தப் பேப்பர்ல ‘சோதனை வெற்றி’ன்னு ஜெயசித்ரா மேடம், நீங்க ஒரு கையெழுத்து போட்டியள்னா...

— போட்டா, திங்கக்கெழம இங்கன நிக்க ஆறு போலீஸ்ல அஞ்சு பேர எடுத்துருவாவ. வெள்ளம் வந்தா நான் ஒருத்தி. இது எப்படி ஆளக் கண்டுபிடிக்குன்னு சொல்லுங்க.

— அதாவது, படம்னா லட்சக்கணக்கான புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிய நூலால கட்டுதோம். ரெண்டும் ஒரே நெறம்னா தடி நூல். வேற வேற நெறம்னா இத்துப்போன நூல். இத்த நூலாப் பாத்து அறுத்தா ஆளு தனி, பாறை தனி. அறுந்த எடம்தான் விளிம்பு. கிராஃப் தியரி! எங்க புரொபசரோட பதினோரு வருச உழைப்பு.

— போன வாரம் கொரங்கையும் ஆளுன்னு எண்ணிச்சே.

— அதாவது, அதச் சரிபண்ணியாச்சு.

— இருக்கட்டும். எண்ணெ தேச்ச முதுகும் நனைஞ்ச பாறையும் ஒண்ணுபோலல்லா மினுங்கும்? அங்க உங்க நூலு அறுமா?

— அது... ரொம்ப அபூர்வமான கேஸ்.

— குற்றாலத்துலயா?

— புரொபசர்ட்டதான் கேக்கணும்.

— எங்க அவரு? காலையில மாலையெல்லாம் போட்டுக் கூட்டிட்டு வந்தீங்க.

— எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வந்துருவாரு. நீங்க கையெழுத்து...

— பேனாவ வைங்க. மேல தண்ணி செவக்கு பாத்தீங்களா? வெள்ளம் வருது. ஏய், எல்லாரும் வெளிய வாங்க! வெளிய வாங்க!... ம், வந்துட்டாவ. உங்க மெஷினு என்ன சொல்லுது?

— ‘ஆள் இல்லை.’ பச்ச லைட்டு. பாத்தியளா மேடம், சுத்தமா ஆள் இல்ல!

— அந்த ஓரத்துல என்ன?

— பாறை. பாறைன்னுதான் போட்டிருக்கு.

— நாலு சீசனா இங்கன நிக்கேன். அந்த எடத்துல பாறையே கெடையாதே.

— இருங்க, படத்தப் பெருசாக்கிப் பாக்கேன்.

— சரி, மெஷினு சொன்னாச் சரிதான். பேப்பரக் குடுங்க, போட்டுருதேன்.

— கையெழுத்து வேண்டாம் ஏட்டம்மா! விசில ஊதுங்க, சீக்கிரம்!

— பாறைக்கா?

— அது எங்க புரொபசர்.