பதினேழாம் குப்பிக்குக் காவல் நின்றவருக்கு

சென்னீர்குப்பம் உயிரணுத் தோற்ற ஆய்வுக்கூடத்தின் வளர்ப்பறையைக் கண்ணெனக் காத்தவரே, கண்ணுக்கே தெரியாத உயிர்களுக்குக் கால நேரம் பாராமல் ஊட்டி வளர்த்த கனிந்த கரத்தவரே, குப்பி கழுவும் பணியில் சேர்ந்து குப்பிக்குள் வாழ்பவற்றின் குணம் அறியும் நிலைக்கு உயர்ந்தவரே, கோவில்பதாகை ஊர் எங்களுக்குத் தந்த கொடையே, மூத்த ஆய்வக நுட்பர் திருமதி வேம்புலியம்மாள் அவர்களே, வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்காகப் பொன்னிறச் சட்டம் போட்ட பாராட்டு மடல் மேடையோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதியவன் வளர்ப்புப் பிரிவு விஞ்ஞானியான நான், கலியமூர்த்தி. இப்போது நான் படிப்பது அது அல்ல. இன்று காலை பதினொன்று பத்துக்கு நடந்த ஒன்றுக்குப் பிறகு, கையில் அகப்பட்ட தாளில் அனைவர் சார்பிலும் எழுதியது இது. செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா. பதினேழாம் குப்பி சிவந்துவிட்டது.

தயவுசெய்து எழுந்துவிடாதீர்கள். சிவந்த குப்பி தானாகத் தெளிகிறதா என்று பார்க்க, ஐந்து மணி நேரம் யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். அந்த ஐந்து மணி நேரம் நான்கு பத்துக்குத்தான் முடிகிறது. காலையில் நீங்கள் குடும்பத்தோடு திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். உங்கள் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. நீங்கள் நேரே மேடைக்கு வந்து மாலையோடு அமர்ந்ததும் எங்கள் ஆய்வுத் தலைவர் நிவேதிதா, “மூர்த்தி, விழா முடியட்டும். அவங்களுக்கு இன்னைக்காவது நிம்மதி வேணாமா?” என்றார். “மறைச்சு வச்சா அதுக்குப் பேரு நிம்மதியா மேடம்?” என்றேன். உங்கள் மேல் சுமத்திய குற்றச்சாட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டி ஊரறியச் செய்தவர்கள் நாங்கள். எங்கள் குற்றத்தை மட்டும் உங்கள் காதோடு சொல்வது முறையாகாது.

சபையில் உங்கள் உற்றார் உறவினர் நிறைந்திருக்கிறார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகளாக நீங்கள் காலை ஷிப்டுக்கு ஓடியது எதற்காக என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். நம் உடம்பும், வேப்பமரமும், மழைக்கு முளைக்கும் காளானும் ஒரே வகை உயிரணுக்களால் ஆனவை. அந்த அணுவுக்குள் உட்கரு உண்டு, அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா உண்டு, அறை அறையாகப் பிரித்த ஒரு வீட்டின் ஒழுங்கு உண்டு. ஏறக்குறைய இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படியோர் அணு உலகில் இல்லை. எளிய சிற்றுயிர்களே இருந்தன. அவற்றில் ஆர்க்கியா என்னும் தொல்லுயிர் ஒன்றும் பாக்டீரியா ஒன்றும் அருகருகே வாழ்ந்து, ஒன்றின் கழிவை மற்றொன்று உண்டு, ஒரு கட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்று குடியேறின. உள்ளே போன பாக்டீரியாதான் இன்று நமக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா. அந்தக் குடித்தனம் எப்படித் தொடங்கியது என்பதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் இடம் கொடுத்த அந்தத் தொல்லுயிரின் உறவுகள் காற்றுப் புகாத சேற்றில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பழவேற்காட்டுக் கழிமுகத்தில் அள்ளிய சேற்றை நாற்பது குப்பிகளில் அடைத்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் பொறுப்பில் விட்டோம். முப்பத்தொன்பது ஏமாற்றின. நான்காம் ஆண்டில் பதினேழாம் குப்பியில் அந்தத் தொல்லுயிர் தென்பட்டது. கூடவே ஒரு பாக்டீரியாவும் இருந்தது. ஒன்று இரண்டாகப் பெருக இருபத்தைந்து நாள் எடுத்துக்கொள்ளும் அந்தப் பொறுமைசாலியை, அதைவிடப் பொறுமையாக இருபத்திரண்டு புதுக் குப்பிகளுக்குப் பெருக்கித் தந்தீர்கள், பெருமாட்டியே.

அங்கேதான் படித்தவர்களின் பிழை தொடங்கியது. ஓர் உயிரை ஆராய்வதென்றால் அதை மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனியாக, தூய்மையாக வளர்க்க வேண்டும் என்பது எங்களுக்கு முதலாண்டிலேயே ஊட்டப்பட்ட பாடம். உடனிருந்த பாக்டீரியாவுக்கு ‘அசுத்தம்’ என்று பெயர் வைத்தோம். இருபத்திரண்டு குப்பிகளிலும் அதைக் கொல்லும் மருந்தை ஊற்றினோம். தாய்க்குப்பியான பதினேழை ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலனில் போட்டு அவித்துவிடும்படி நான் ஆணையிட்டேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்து, “இன்னா சார், அது தனியா கீற உயிரா? ரெண்டும் ஒண்ணா தின்னுகினு ஒண்ணா கெடக்குதுங்க. ஒண்ண சாவடிச்சா இன்னொண்ணும் பூடும்” என்றீர்கள். தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே உங்கள் முகம் இறுகும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கும் தகுதியும் எங்களுக்கு இல்லை.

நீங்கள் அவிக்கவில்லை. குப்பியைக் கறுப்புத் துணியில் சுற்றிக் குளிர்பதன அறையின் பின்தட்டில் வைத்தீர்கள். மூன்றாம் நாள் நான் அதைக் கண்டுபிடித்தேன். கீழ்ப்படியாமை என்று மெமோ எழுதினேன், நிவேதிதா கையெழுத்திட்டார், பலகையில் ஒட்டினோம். நீங்கள் எழுதிக் கொடுத்த விளக்கம் மூன்றே வரி: “அவிக்கச் சொன்னார்கள். குமிழ் வந்துகொண்டிருந்தது. உயிரோடு இருப்பதை அவிக்க மனம் வரவில்லை.” விசாரணை முடியும்வரை குப்பியை அப்படியே வைக்க வேண்டும் என்ற அலுவலக விதி ஒன்றுதான் அதைக் காப்பாற்றியது. எங்கள் அறிவு அதைக் காப்பாற்றவில்லை என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறோம்.

பத்தே வாரத்தில் இருபத்திரண்டு குப்பிகளும் அடங்கின. தொல்லுயிர் வெளிவிடும் ஹைட்ரஜனைத் தின்று தீர்க்க அந்த பாக்டீரியா வேண்டும். தின்ன ஆளில்லாமல் தன் மூச்சிலேயே அது திணறிச் செத்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இரண்டு மூன்று குப்பிகளின் அளவுமானி இறங்கியதை எங்கள் பிரிவின் ஏழு பேரும் நின்று பார்த்தோம். அதன்பின் எடுத்த நகல்கள் எதுவும் நிலைக்கவில்லை. பதினேழு மட்டுமே மிச்சம். நம் எல்லோர் உழைப்பும் அந்த ஒரு குப்பிக்குள்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட குப்பியில் இன்று நான் ஏன் கைவைத்தேன்? பூந்தமல்லியில் சட்டம் போடக் கொடுத்த மடலில் ஒரு வரி எழுதியிருந்தேன்: “பதினேழாம் குப்பிக்கு இன்று நாங்களே உணவூட்டினோம், இனி கவலையின்றி ஓய்வெடுங்கள்.” நான்கு நாளுக்கு முன்பே அது அச்சாகிவிட்டது. அச்சானதை மெய்யாக்க வேண்டுமே என்று சிரிஞ்சை எடுத்தேன். அதற்குள் இருக்கும் காற்று போக மூன்று முறை நைட்ரஜனை இழுத்துத் தள்ள வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தினேன். பந்தல்காரர் மைக் சோதித்த சத்தத்தில் கவனம் சிதறியது என்று சொல்லித் தப்பிக்கலாம். அது உண்மையல்ல. மேடையில் இந்த வரிக்கு எவ்வளவு கைதட்டல் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை எடுப்பதற்குள், காற்றுப் பட்டால் நிறம் மாறும் அந்தச் சாயம் குப்பியின் கழுத்தில் சிவக்கத் தொடங்கிவிட்டது.

மூன்றரை மணிக்கு நிவேதிதா பார்த்துவிட்டு வந்தார். மேல்பாதி இன்னும் இளஞ்சிவப்பு. அடியில் நிறமில்லை, குமிழ் ஒன்றிரண்டு வருகிறது. புகுந்த காற்றை முறிக்க சல்பைடு கரைசல் விட வேண்டும். கூடினால் பாக்டீரியா சாகும், குறைந்தால் காற்று தொல்லுயிரைக் கொல்லும். எவ்வளவு விடுவது என்று செய்முறைக் கோப்பைப் புரட்டினோம். “சிவந்தால் தேவையான அளவு விடவும்” என்று இருக்கிறது. எழுதியவன் நான். உங்களிடம் கேட்டு எழுத வேண்டிய இடத்தில், கேட்பது கௌரவக் குறைவென்று எண்ணி நான் போட்டு மூடிய சொற்கள் அவை.

மெமோ இன்று மதியம் திரும்பப் பெறப்பட்டது. அதற்கான கடிதம், மன்னிப்போடு, அதே பலகையில், அதே ஆணியில் தொங்குகிறது. நீங்கள் இனி எங்களுக்கு எது செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அங்கேயே இருக்கும். அது கைமாறு கேட்டுக் கொடுத்தது அல்ல.

நோயறியா உடலும் நிறைந்த மனமும் கொண்டு, பேரன் பேத்திகள் சூழ, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று இங்குள்ள அனைவரும் உளமார வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்து எப்போதும் உங்களோடு இருக்கும். ஆனால் மாலை ஐந்து மணிக்கு உங்கள் அடையாள அட்டை செயலிழந்துவிடும். அதன்பின் வளர்ப்பறைக் கதவு உங்களுக்குத் திறக்காது. விதிப்படி, ஐந்து வரைதான் நீங்கள் எங்களில் ஒருவர்.

நான்கு பத்துக்கு வளர்ப்பறைக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம், அம்மா. வராவிட்டால் உங்களை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டோம். வந்தால், சல்பைடு எத்தனை சொட்டு என்று இந்தச் சபை பார்க்க நான் உங்களைக் கேட்பேன். நீங்கள் சொல்வதை உங்கள் பேரோடு கோப்பில் எழுதிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்களுக்குக் கடன்பட்ட
ஆய்வுக்கூட ஊழியர்கள் இருபத்து நான்கு பேர்,
அவர்களுக்காகப் படித்த கலியமூர்த்தி.