ரொம்பப் பரவாயில்லை

நான் நல்ல வாத்தியார். இதை நானே சொல்லிக்கொள்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த அறையில் எனக்காக அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தினேன். என் வகுப்பில் தூங்கிய பையன்கள்கூடச் சந்திப்பிழை இல்லாமல்தான் குறட்டை விட்டார்கள். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன், மேடம். எனக்கு இப்போது போக வேண்டிய இடம் எதுவும் கிடையாது.

வாத்தியார் வேலைக்கு முன்னால், வாலிப வயதில், கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் ஆறு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அந்த நாட்டு மொழி எனக்கு அப்படி வந்தது. ஊர் திரும்பிய பிறகு அதைப் பேச ஆள் இல்லாமல், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு மாதிரி உள்ளேயே கிடந்தது. நம் ஊர்க் கால்பந்து கிளப் அந்த நாட்டிலிருந்து ஓர் ஆட்டக்காரனை வாங்கியபோதுதான் அதை வெளியே எடுத்து உதறினேன்.

ஆறடி நாலு அங்குலம். வந்து இறங்கிய அன்றே ரசிகர்கள் அவனுக்கு 'ஏணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்துநாலு வயது. கூடவே மனைவி, ஒரு பெரிய பெட்டி, இரண்டு சின்னப் பெட்டி.

கிளப்காரர்கள் என்னிடம் ஒப்படைத்தது இரண்டு வேலை. ஏணி பேசுவதை நம் மொழியில் சொல்ல வேண்டும். சீசன் முடிவதற்குள் அவனையே நம் மொழி பேச வைக்க வேண்டும். இரண்டாவது வேலையை ஒழுங்காகச் செய்தால் முதல் வேலை போய்விடும். ஒப்பந்தம் எழுதியவர் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தலையால் முட்டினால் கைதட்டுகிறார்கள், கையால் தொட்டால் திட்டுகிறார்கள். மனிதன் இரண்டு கையை வைத்துக்கொண்டு கண்டுபிடித்த அத்தனையையும் தொண்ணூறு நிமிடம் ஓரங்கட்டி வைக்கிற ஏற்பாடு. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு ஒன்று நடக்கும் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. பத்திரிகையாளர் சந்திப்பு. நீள மேசை, வெள்ளை விளக்கு, நாற்பது மைக். ஏணி வியர்வை வழிய உட்கார்ந்திருப்பான். பக்கத்து நாற்காலி எனக்கு.

முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். எப்படி இருந்தது என்று கேட்டார்கள். அவன் தன் மொழியில், "நன்றாக இருந்தது. எல்லோருக்கும் நன்றி," என்றான். அதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைக்கை இழுத்துக்கொண்டு, "முட்டுனது என் தலைதான். ஆனா அந்தத் தலையைத் தூக்கி நிறுத்துனது இந்த ஊரு," என்றேன்.

மறுநாள் அதுதான் தலைப்புச் செய்தி. ஒரே வாரத்தில் பனியனில் அச்சடித்துவிட்டார்கள். ஏணி வெறும் ஆட்டக்காரன் இல்லை, சிந்தனையாளன் என்று ஒருவர் கட்டுரையே எழுதினார். அடுத்தடுத்த ஆட்டங்களில் அவன் மூன்று வார்த்தை சொன்னால் நான் முப்பது சொன்னேன். தோற்ற அன்றைக்கு இன்னும் அருமையாகப் பேசினேன். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் நான் பேசியதை ஒருவரும் குறிப்பெடுத்தது கிடையாது, மேடம். இங்கே வளர்ந்த மனிதர்கள் விழுந்தடித்துக்கொண்டு எழுதினார்கள்.

என் மனைவிக்கு மட்டும் திருப்தி இல்லை. "டிவில உங்க குரல்தாங்க வருது. மூஞ்சி ஒரு தடவகூட வரல," என்றாள்.

"குரல் போதும்," என்றேன். உண்மையாகவே போதும் என்றுதான் இருந்தது.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், பையன் சுறுசுறுப்பாகப் படித்தான். நான் எதிர்பார்க்காதது அது. முன்பு வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எல்லாம் இரண்டு கெட்ட வார்த்தையோடு படிப்பை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்கள். இவன் தினமும் பயிற்சி முடிந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். உடை மாற்றும் அறைக்குப் பின்னால் பந்து வலைகளைப் போட்டு வைக்கிற சின்ன அறைதான் எங்கள் வகுப்பு. வீட்டுப்பாடம் கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வான்.

ஒன்பதாவது ஆட்டம். கேள்வி வந்தது. நான் மைக்கை இழுப்பதற்குள் அவனே குனிந்து, நம் மொழியில், "நல்லா இருந்துச்சு. சந்தோஷம். இப்ப பசிக்குது," என்றான்.

அறையே வெடித்துச் சிரித்தது. கைதட்டினார்கள். கண் கலங்கிய நிருபர் ஒருவரை நானே பார்த்தேன். பசிக்கிறது என்று சொன்னதற்கு. அடுத்த ஆட்டத்தில் நாற்பது மைக்கும் இரண்டு அடி இடப்பக்கமாக நகர்ந்திருந்தன. என் முன்னால் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

நான் ஒன்றும் ஆத்திரப்படவில்லை. அவன் கொஞ்சம் தடுமாறினால், இன்னும் சில மாதம் வாத்தியார் தேவை என்று கிளப்புக்குத் தோன்றும், அவ்வளவுதான் யோசித்தேன். சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். கிளப் தலைவருக்கு எழுபது வயது, முகத்தில் ஈ உட்காரக்கூடப் பயப்படும். மரியாதையாக எப்படி வணக்கம் சொல்வது என்று ஏணி கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் தலைவர் மைதானத்துக்கு வந்தபோது, ஏணி நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "என்னடா தம்பி, சாப்டியா?" என்றான்.

எல்லோரும் உறைந்துபோனார்கள். தலைவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "இல்லப்பா," என்றார். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. யாரும் கேக்கவும் இல்ல." அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய தலை அவன் நெஞ்சுவரைதான் வந்தது. அன்றைக்கு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

இப்படித்தான் எல்லாமே ஆயிற்று. நான் எந்தத் தப்பைச் சொல்லிக் கொடுத்தாலும் அதைச் செல்லம் கொஞ்சினார்கள். ரசிக்க முடியாத ஒரு தப்பு எனக்குத் தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு வலது முட்டியில் வலி ஆரம்பித்தது. "டாக்டரிடம் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?" என்று அவன் மொழியில் கேட்டான். பலகையில் எழுதினேன்: பரவாயில்லை. தாங்க முடியாத வலி என்று பொருள் சொன்னேன். அதற்கும் மேலே போனால், ரொம்பப் பரவாயில்லை.

அவன் கெட்டிக்காரன், விட்டுவிடவில்லை. "வலிக்குது என்று பக்கத்து வீட்டுக் குழந்தை சொன்னதே?"

"அது குழந்தைகள் சொல்வது," என்றேன். "மீசை முளைத்தவன் சொன்னால் சிரிப்பார்கள்."

நோட்டில் பத்து தடவை எழுதினான். அழகான கையெழுத்து.

டீம் டாக்டர் நல்ல மனிதர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் முட்டியை அமுக்கிப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்பார். ஏணி பல்லைக் கடித்துக்கொண்டு, "ரொம்பப் பரவாயில்ல டாக்டர்," என்பான். அவர் 'முன்னேற்றம்' என்று எழுதிக்கொள்வார். ஒருநாள், "வீக்கம் இருக்கே, ஸ்கேன் எடுத்துருவோமா?" என்று கேட்டார். ஏணி தலையை வேகமாக ஆட்டி, "பரவாயில்ல, பரவாயில்ல," என்றான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார்? நம்ம பசங்களுக்குச் சுண்டுவிரல் பிசகினா ஆம்புலன்ஸ் கேப்பானுங்க. இவன் ஸ்கேனே வேணாங்கறான்."

"நல்ல பையன்," என்றேன்.

ஏணி அன்று சாயங்காலம்வரை முட்டிமேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள் என்று. "இன்னும் கூப்பிடவில்லையே, சார்?" என்று என்னிடம் கேட்டான். இந்த ஊரில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்றேன். அது பொய் இல்லை. எங்கள் தெருவிளக்குக்கு நான் மனு கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

நான்காம் நாள், "நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சார்," என்று கெஞ்சினான். "நானே சொல்லிவிட்டால் நீ எப்போது கற்றுக்கொள்வது?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றான். எந்த வாத்தியாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இப்படிப் பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் ஆட்டம்.

எழுபதாவது நிமிடத்தில் பந்துக்கு எம்பினான், இறங்கும்போது சரிந்து விழுந்தான். டாக்டர் ஓடினார், கூடவே என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். ஏணி முட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னமோ கத்தினான். "விளையாட முடியுமாப்பா?" என்று டாக்டர் கேட்டார். அவன் அவருடைய சட்டையைப் பிடித்து, முகமெல்லாம் கண்ணீரோடு, "ரொம்பப் பரவாயில்ல டாக்டர்! ரொம்பப் பரவாயில்ல!" என்றான். டாக்டர் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டார். மருந்தைப் பீச்சியடித்து, முதுகில் தட்டித் தூக்கி நிறுத்தினார். மைதானமே எழுந்து நின்று கைதட்டி அவன் பெயரைச் சொன்னது. ஏணி சுற்றும் முற்றும் பார்த்தான். ஏன் கைதட்டுகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. நொண்டிக்கொண்டே ஓடினான்.

ஒன்பது நிமிடம் ஓடினான். பிறகு ஓடவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஏணி கட்டிலில், அவன் மனைவி ஜன்னல் பக்கம், நான் நடுவில். "நடக்கலாம். மாடிப்படி ஏறலாம். ஆனா இனிமே ஆட முடியாது. இதை அவர்கிட்ட பதமாச் சொல்லுங்க," என்றார். நான் பதமாகவே சொன்னேன். ஆறு மாதம் ஓய்வு, பிறகு ஆடலாம் என்றேன். ஆறு மாதத்துக்கு அவனுக்கு என் துணை வேண்டியிருக்கும் என்பதும் மனதில் இருந்திருக்கலாம். இரக்கத்தில் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம்.

ஏணி கண்ணை மூடி மூச்சு விட்டான். ஜன்னல் பக்கம் இருந்தவள் திரும்பினாள். அவளுக்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கிற அம்மாவிடம் தினமும் அரைமணி நேரம் நின்று, தானாகப் பொறுக்கிக்கொண்ட பாஷை அவளுடையது.

"டாக்டர் 'இனிமே'ன்னு சொன்னாரு," என்றாள் நம் மொழியில். "நீங்க அது சொல்லல."

"இனிமே என்றால்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும். காய்கறியம்மா சொல்லும். இனிமே மாங்கா வராது, முடிஞ்சுபோச்சு." டாக்டரைப் பார்த்தாள். "முடிஞ்சுபோச்சா?"

"ஆமாம்மா," என்றார் டாக்டர்.

அவள் கட்டில் பக்கம் வந்தாள். பிறகு, "அந்தம்மா இன்னொண்ணும் சொல்லும்," என்றாள். "தக்காளி நசுங்கியிருந்தா, பரவாயில்ல, குழம்புக்கு ஆகும்னு சொல்லும். இவரு வீட்டுல வலிச்சா அதையே சொல்வாரு. நான் சிரிப்பேன், தப்பாச் சொல்றீங்கன்னு. சார் சொல்லிக் குடுத்தாரு, சாருக்குத் தெரியாதான்னு கேப்பாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, தங்கள் மொழியில் மெதுவாக எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடுபடவில்லை. மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் சுத்தமான வேலை. அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "சார்?" என்றான். நான் போய் நர்ஸைக் கூப்பிட்டேன்.

கிளப்புக்கு முதலில் எழுதிக் கொடுத்த கடிதத்தில், மைதானத்து இரைச்சலில் ஏணி கத்தியது என் காதில் விழவில்லை என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். நான் அவன் தலைமாட்டில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். "உடைந்துவிட்டது, உள்ளே ஏதோ உடைந்துவிட்டது, என்னை வெளியே தூக்கிப் போங்கள் என்று சொல்லுங்கள், சார்," என்று அவன் மொழியில் கத்தினான். மூன்று தடவை. அத்தனை ஆயிரம் பேரில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான். "என்ன சார் சொல்றான்?" என்று டாக்டர் கேட்டார். "அம்மாவைக் கூப்பிடறான், டாக்டர்," என்றேன். "அவங்க ஊர் வழக்கம்."

இவ்வளவுதான். செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

போன வாரம் இங்கே எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஏணி எழுதியது. நம் மொழியில், தன் கையாலேயே, எட்டு வரி. 'மருத்துவர்' என்பதை 'மறுத்துவர்' என்று எழுதியிருந்தான். வேற்றுமை உருபு இரண்டு இடத்தில் தப்பு. காவலரிடம் சிவப்புப் பேனா கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் திருத்தி, ஓரத்தில் விளக்கமும் எழுதி அவன் முகவரிக்கே திருப்பி அனுப்பினேன். அக்கறை இல்லாதவன் இவ்வளவு செய்வானா என்று நீங்களே சொல்லுங்கள்.

எட்டாவது வரி, 'அன்று நான் கத்தியது உங்களுக்குக் கேட்டதா, சார்?' என்று இருந்தது. அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. அதனால் அதன் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை.